பிளேயரை நீக்கியபின் காணாமற்போனவை: இணுவிலில் ஒரு வீட்டுக் கணினி பற்றிய நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்து இணுவிலில் வசிக்கும் இளைப்பாறிய சங்கீத ஆசிரியை ஒருவரின் மேசைக் கணினியிலிருந்து ஒரே மாலையில் மூன்று மென்பொருள்கள் நீக்கப்பட்டன. மூன்றும் பாட்டுக் கேட்பதற்கென்று வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகளால் நிறுவப்பட்டவை. நீக்கியபின் கணினி முன்னையிலும் விரைவாக இயங்கத் தொடங்கியது உண்மைதான். ஆனால் மறுநாள் காலை வகுப்புக்குப் பாட்டுப் போட முனைந்தபோது இறுவட்டு வாசிப்பான் திரையிலிருந்தே மறைந்திருந்தது. பரீட்சைத் தரம் வாரியாக அடுக்கி வைத்திருந்த பாடற்பட்டியல்கள் இல்லை. பாடல்களின் தமிழ்ப் பெயர்கள் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நின்றன. "தம்பி, பாட்டெல்லாம் பெட்டிக்குள்ளை கிடக்குது, பேர் ஒண்டும் வாசிக்கேலாமல் கிடக்கு" என்று ஆசிரியை தொலைபேசியில் என்னிடம் சொன்னதுதான் இந்த ஆய்வின் முதல் தகவல்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. ஒரு பாடற்கோப்புக்கூட அழியவில்லை. இருந்தும் அந்தக் கணினியால் பயனில்லாமற் போனது. பிளேயர் ஒன்றை நிறுவும்போது அதன் பெயரிலுள்ள கோப்புறைக்குள் போவது அதன் ஒரு பகுதியே. மிகுதி விண்டோஸின் உள்ளிடங்களிலும், பயனரின் மறைவான கோப்புறையிலும், பாடற்கோப்புகளின் உள்ளேயுமாகப் பரந்து கிடக்கிறது. அவற்றுள் எது மென்பொருளுக்குரியது, எது வீட்டுக்காரருக்குரியது என்று பிரித்தறியாமல் நீக்கத் தொடங்கியதே இங்கு நடந்தது.

கணினியும் அதில் இருந்தவையும்

கணினி விண்டோஸ் 7 காலத்தில் வாங்கப்பட்டு, பின்னர் இலவச மேம்படுத்தல் வழங்கப்பட்ட வேளையில் விண்டோஸ் 10 இற்கு மாற்றப்பட்டது. டீவீடி எழுதும் வாசிப்பான் ஒன்றும், பழைய அம்ப்ளிஃபயர் ஒன்றின் வழியாக இரண்டு ஒலிபெருக்கிகளும் அதில் இணைக்கப்பட்டிருந்தன. சேமிப்பில் இருந்தவை பெரும்பாலும் கடையில் வாங்கக்கூடிய பாடல்கள் அல்ல: கோயில் திருவிழாக்களில் குடும்பத்தினர் ஒலிநாடாவில் பதிந்த கச்சேரிகள், இணுவில், அளவெட்டிப் பக்கத்து நாதஸ்வர தவில் வாசிப்புகள், மாணவர்களின் அரங்கேற்றங்கள், வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த இறுவட்டுகள். 1990 களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோவும் ஒலிநாடாவும் கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவர் ஆசிரியை. அந்த நாடாக்களை எறியாமல் வைத்திருந்து, பின்னாளில் எம்பி3 ஆக மாற்றுவித்தார். இணையத்தில் தேடி எடுத்துக்கொள்ளலாம் என்ற ஆறுதல் இத்தகைய சேமிப்புக்குப் பொருந்தாது.

நிறுவப்பட்டிருந்த மென்பொருள்களுள் மூத்தது வினாம்ப். நல்சொஃப்ட் என்ற சிறு நிறுவனம் 1997 இல் வெளியிட்ட இந்த பிளேயர் 1999 இல் ஏஓஎல் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2013 இன் இறுதியில் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, 2014 ஜனவரியில் ரேடியோனமி நிறுவனத்தால் வாங்கப்பட்டது. இந்த வரலாறு எதுவும் இணுவில் வீட்டுக் கணினியை எட்டவில்லை. அங்கே இருந்தது பழைய பதிப்பு. அதன் பட்டியல் சாளரத்தின் எழுத்துருவைக் கணினி நிலையப் பொடியன் ஒருவன் 'பாமினி' என்று மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். இந்தச் சிறு மாற்றம் எவ்வளவு பெரியது என்பது பின்னரே தெரிந்தது.

அடுத்தது, பாட்டை இசைப்பது, இறுவட்டிலிருந்து எடுப்பது, இறுவட்டில் எழுதுவது, கைபேசிக்கு அனுப்புவது ஆகிய எல்லாவற்றையும் தானே செய்வதாகச் சொல்லும் ஓர் இலவச பிளேயர். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை, ஏனெனில் அதேபோல நடந்துகொண்ட மென்பொருள்கள் அந்தக் காலத்தில் ஏராளம். மூன்றாவது, பல வகை ஒலி, ஒளிக் கோப்புகளைத் திறக்க உதவும் கோடெக் பொதி ஒன்று. இவற்றைவிட வீஎல்சியும், விண்டோஸோடு கூடவே வரும் மீடியா பிளேயரும் இருந்தன. கூடவே வரும் பிளேயர் வேண்டாதவர்களுக்கும் திணிக்கப்படுகிறது என்ற வழக்கில்தான் ஐரோப்பிய ஆணைக்குழு 2004 இல் மைக்ரோசொஃப்டுக்கு 497 மில்லியன் யூரோ தண்டம் விதித்து, அந்த பிளேயர் இல்லாத விண்டோஸ் பதிப்பொன்றையும் வெளியிடச் செய்தது. ஐரோப்பாவுக்கென வந்த அந்தப் பதிப்பை யாழ்ப்பாணத்துக் கடைகளில் நான் கண்டதில்லை. இங்கே எல்லோருக்கும் எல்லாமே சேர்ந்துதான் வந்தன.

நீக்கம் நடந்த விதம்

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஆசிரியையின் பெறாமகன், கணினி திறக்க நெடுநேரம் எடுப்பதைக் கண்டு துப்புரவாக்க முன்வந்தார். காரணத்தை அவர் சரியாகவே கண்டுபிடித்தார்: எல்லாம் செய்யும் அந்த பிளேயர், கணினி திறக்கும்போதே தன் துணை நிரல்கள் பலவற்றை ஓடவிட்டுக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் பனலில் 'புரோகிராம்ஸ் அன்ட் ஃபீச்சர்ஸ்' வழியாக அதை நீக்கத் தொடங்கியதும் முறையான வழியே. நீக்கும் நிரல், அதாவது 'நீக்கி', தன் வேலையின் இறுதியில் கணினியை மீளத் தொடக்கும்படி கேட்டது. அவர் 'பிறகு' என்பதை அழுத்திவிட்டு, வினாம்பையும் கோடெக் பொதியையும் நீக்கினார். பின்னர் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் முதலில் நீக்கிய பிளேயரின் மிச்சம் கிடப்பதைக் கண்டு அதைக் கையால் அழித்தார். கடைசியாக, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவச நிரலொன்றை ஓட்டி, அது காட்டிய 'பிழைகள்' அனைத்தையும் நீக்கினார். மேசைத் திரையில் குவிந்து கிடந்த பாட்டுக் கோப்புறையையும் டீ பிரிவுக்கு நகர்த்தினார். அதன் பிறகே கணினியை மீளத் தொடக்கினார்.

மீளத் தொடக்கும்படி நீக்கி கேட்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. சாதனங்களை விண்டோஸ் இயக்க உதவும் நிரலான ட்ரைவர் ஓடிக்கொண்டிருக்கையில் அதன் கோப்பை விண்டோஸ் அந்நேரத்தில் அழிக்கவிடாது. ஆகவே அடுத்த தடவை கணினி திறக்கும்போது எவற்றை அழிக்கவேண்டும் என்ற பட்டியலொன்றை எழுதி வைத்துக்கொண்டு நீக்கி காத்திருக்கிறது. சில நீக்கிகள் தங்கள் வேலையின் பிற்பாதியை அப்போதுதான் செய்கின்றன. இங்கே அந்தப் பிற்பாதியைச் செய்யவேண்டிய நிரல் இருந்த கோப்புறையே அதற்குள் அழிக்கப்பட்டுவிட்டது. ரெஜிஸ்ட்ரி சுத்திகரிப்பான் மிச்சத்தில் ஒரு பகுதியை எடுத்தது, ஒரு பகுதியை விட்டது. இவ்வகைச் சுத்திகரிப்பான்களால் கணினி வேகமடைந்ததை நான் ஒருபோதும் கண்டதில்லை. அவை காட்டும் நீண்ட பிழைப் பட்டியலில் பெரும்பகுதி யாருக்கும் தீங்கில்லாத வெற்றுப் பதிவுகள்.

மறைந்த வாசிப்பான்

எதையும் தொடுவதற்கு முன்பு, பாட்டுக் கோப்புறையும் பயனரின் 'ஆப் டேட்டா' என்ற மறைவான கோப்புறையும் வெளி வன்தட்டொன்றுக்குப் பிரதி செய்யப்பட்டன. வேலையின் மிகுதி அனைத்தும் இந்தப் பிரதியின் துணிவில்தான் நடந்தது.

வாசிப்பானின் தட்டு திறந்து மூடியது, விளக்கு எரிந்தது. ஆகவே மின்சாரத்திலோ கம்பியிலோ குறையில்லை. டிவைஸ் மனேஜரில் அதன் பெயருக்கருகே மஞ்சள் அடையாளமும், உள்ளே 'கோட் 39' என்ற செய்தியும் இருந்தன. சாதனத்துக்குரிய ட்ரைவரை ஏற்ற முடியவில்லை, அது பழுதடைந்திருக்கலாம் அல்லது இல்லாமற் போயிருக்கலாம் என்பது அதன் கருத்து. இந்நிலையில் வாசிப்பானே பழுது என்று சொல்லிப் புதியதொன்றை விற்பது எளிது. அதைப் பூட்டினாலும் அதே செய்திதான் வந்திருக்கும்.

விண்டோஸில் ஒரு சாதனத்துக்கு ஒரேயொரு ட்ரைவர் மட்டும் இருப்பதில்லை. இறுவட்டு வாசிப்பானுக்கு மைக்ரோசொஃப்டின் சொந்த ட்ரைவர் ஒன்று உண்டு. அதன் மேலும் கீழும் வேறு நிறுவனங்கள் தங்கள் 'ஃபில்டர்' ட்ரைவர்களைச் செருகிக்கொள்ள இடமுண்டு. இறுவட்டில் எழுதும் வசதியைத் தரும் பிளேயர்கள் பல, வாசிப்பானோடு நேரடியாகப் பேசுவதற்காக அப்படியொரு ட்ரைவரைச் செருகி, அதன் பெயரை ரெஜிஸ்ட்ரியில் இறுவட்டுச் சாதன வகைக்குரிய இடத்தில் 'அப்பர் ஃபில்டர்ஸ்' அல்லது 'லோவர் ஃபில்டர்ஸ்' என்ற பதிவில் சேர்க்கின்றன. அந்தப் பதிவில் பெயர் இருந்து, பெயருக்குரிய கோப்பு இல்லாவிட்டால், விண்டோஸ் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மேற்செல்வதில்லை. சாதனத்தையே தொடக்க மறுக்கிறது. இந்த வீட்டில் ட்ரைவர் கோப்பு போயிருந்தது, அதன் பெயர் 'அப்பர் ஃபில்டர்ஸ்' பதிவில் அப்படியே இருந்தது.

இதே நிலைமை உலகறிய நடந்தது 2005 இல். சோனி பீஎம்ஜி நிறுவனம் தன் இசைத்தட்டுகள் சிலவற்றில் சேர்த்திருந்த பிளேயர், எக்ஸ்சீபீ என்ற பிரதித் தடை மென்பொருளையும் சொல்லாமற் கொள்ளாமல் நிறுவி, அதை விண்டோஸின் கண்ணுக்கே தெரியாதபடி மறைத்து வைத்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 31 அன்று அதை வெளிப்படுத்திய கணினி ஆய்வாளர் மார்க் ருசினோவிச், அதன் ட்ரைவர்களைக் கையால் அழித்தபின் தன் கணினியில் இறுவட்டு வாசிப்பான் காணாமற்போனதையும், ஃபில்டர் பதிவுகளைத் திருத்தியே அதை மீட்கவேண்டியிருந்ததையும் எழுதினார். நிறுவனம் பின்னர் வெளியிட்ட நீக்கியும் கணினியில் புதிய பாதுகாப்புத் துளையொன்றைத் திறந்து வைத்ததாக ஆய்வாளர்கள் காட்டினர். இணுவில் வீட்டில் எவருக்கும் கெட்ட நோக்கம் இருக்கவில்லை. பொறிமுறை மட்டும் ஒன்றே.

திருத்தும் வழியாக இணையத்தில் பரவலாகச் சொல்லப்படுவது, இரண்டு ஃபில்டர் பதிவுகளையும் முழுமையாக அழித்துவிடுதல். அது பலிக்கும். ஆயினும் அந்தப் பதிவில் பல பெயர்கள் வரிசையாக இருக்கலாம். அவற்றுள் ஒன்று மட்டுமே அநாதையாக இருக்கையில் மற்றவற்றையும் சேர்த்து அழித்தால், நல்ல நிலையிலுள்ள வேறொரு எழுதும் மென்பொருள் வேலை செய்யாமற் போகும். ஆகவே அந்த ரெஜிஸ்ட்ரிப் பகுதி முதலில் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்யப்பட்டது. பதிவிலிருந்த பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய ட்ரைவர் கோப்பு விண்டோஸின் ட்ரைவர் கோப்புறையில் உண்டா என்று பார்க்கப்பட்டது. கோப்பில்லாத பெயர் மட்டும் நீக்கப்பட்டது. கணினியை மீளத் தொடக்கியதும் வாசிப்பான் திரும்பியது.

பட்டியல்கள்

பாடற்பட்டியல்களை மீட்டது இதைவிட எளிது. நீக்கம் அரைகுறையாக நடந்தது இங்கே நன்மையாயிற்று. ஒரு பிளேயரை நீக்கும்போது அதன் நிரற்கோப்புகள் போகும். பயனர் உண்டாக்கிய பட்டியல்கள், அமைப்புகள் ஆகியன 'ஆப் டேட்டா' கோப்புறையில் பெரும்பாலும் எஞ்சி நிற்கும். அந்தக் கோப்புறை விண்டோஸில் இயல்பாகவே மறைக்கப்பட்டிருப்பதால் பெறாமகனின் கண்ணில் படவில்லை. வினாம்பின் பட்டியல்கள் அங்கே எம்3யூ8 வகைக் கோப்புகளாக இருந்தன. இவ்வகைக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பே: ஒரு வரியில் பாடலின் நீளம் விநாடிகளிலும் அதன் தலைப்பும், அடுத்த வரியில் பாடற்கோப்பு இருக்கும் முகவரி. நோட்பேடில் திறந்து எவரும் வாசிக்கலாம்.

பாடல்கள் மேசைத் திரையிலிருந்து டீ பிரிவுக்கு நகர்த்தப்பட்டிருந்ததால் முகவரிகள் பிழையாகியிருந்தன. பழைய முகவரியின் முற்பகுதியைத் தேடிப் புதியதாக மாற்றும் கட்டளை ஒவ்வொரு கோப்பிலும் ஒருமுறை போதுமானதாயிற்று. கோப்புறைப் பெயர்களுட் சில தமிழில் இருந்தமையால், சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தையே வைத்திருக்க வேண்டும். 'ஆன்சி' என்று சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகி, முகவரி திரும்பப் பெறமுடியாதபடி கெட்டுவிடும். விண்டோஸ் 10 இன் 1903 என்ற எண்ணுள்ள பதிப்பிலிருந்து நோட்பேட் இயல்பாகவே யூடிஎஃப்-8 இல் சேமிக்கிறது. அதற்கு முந்திய பதிப்புகளில் இதைக் கவனித்துத் தெரிவு செய்யவேண்டும். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைத் தரங்களுக்கேற்ப ஆசிரியை அடுக்கியிருந்த வரிசை அப்படியே கிடைத்தது.

பாமினியில் கிடந்த பெயர்கள்

இந்த நிகழ்வில் மிகவும் உழைப்பு வேண்டியிருந்த பகுதி இதுவே. எம்பி3 கோப்பொன்றின் உள்ளே பாடலின் பெயர், பாடியவர், தொகுப்பு போன்ற விவரங்கள் 'டேக்' என்ற பகுதியில் எழுதப்படுகின்றன. ஆசிரியையின் கோப்புகளில் இவ்விவரங்களைத் தட்டச்சு செய்தவர் அக்காலத்தில் இங்கே எல்லோரும் பாவித்த பாமினி எழுத்துருவில் செய்திருந்தார். பாமினி தமிழைச் சேமிப்பதில்லை; ஆங்கில எழுத்துகளையே சேமித்து, அவற்றுக்குத் தமிழ் உருவத்தைக் காட்டுகிறது. 'தோடி' என்ற பெயர் கோப்பினுள் பெரிய என், சிறிய ஜே, எச், பி என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது: என் ஏகாரக் கொம்பு, ஜே தகரம், எச் அரவு ('ா'), பி 'டி'. எழுத்துரு மாற்றப்பட்ட வினாம்ப் சாளரத்தில் அது தோடியாகத் தெரிந்தது. வினாம்ப் போனதும், எஞ்சியிருந்த வீஎல்சி உள்ளதை உள்ளபடியே காட்டியது. ஆகவே பெயர்களை எவரும் கெடுக்கவில்லை. அவை தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் இருந்தன; ஒரேயொரு பிளேயரின் ஒரேயொரு அமைப்பு மட்டுமே அவற்றைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது.

வினாம்பை மீள நிறுவி எழுத்துருவையும் மீள அமைத்தால் சிக்கல் அன்றே முடிந்திருக்கும். அதைச் செய்யவேண்டாம் என்று நான் சொன்னேன். பெயர்கள் கைபேசியிலோ, மாணவர்களின் கணினியிலோ, விண்டோஸின் தேடலிலோ தமிழாக இல்லாதவரை, அவை ஆசிரியையின் மேசையை விட்டு வெளியே போகமுடியாதவை. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறி தரும் யூனிகோடில் தமிழுக்கு 1991 இலிருந்தே இடம் இருக்கிறது. இந்தப் பெயர்களை அதற்கு மாற்றுவதற்கு இதைவிட நல்ல தருணம் வராது.

மாற்றும் முறை இது. எம்பி3டேக் என்ற இலவசத் திருத்தியால் எல்லாக் கோப்புகளின் டேக் விவரங்களையும் ஓர் எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் நிரலால் மாற்றி, சரிபார்த்து, அதே வரிசையில் திரும்ப உள்ளே செலுத்துவது. முதல் தடை, உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர்களும் இடையிடையே கலந்திருந்தமை. வெளிநாட்டு இறுவட்டுகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றையும் மாற்றியில் போட்டால் வாயில் நுழையாத தமிழாக வெளிவரும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளிக் குறியாக, அதாவது செமிக்கோலனாக, சேமிக்கப்படுகிறது. எனவே செமிக்கோலன் உள்ள வரிகளையெல்லாம் பாமினி என்று பிரித்தெடுப்பது முதற்படியாயிற்று. மோகனமும் காம்போதியும் கல்யாணியும் இதில் அகப்பட்டன. புள்ளியே இல்லாத தோடி, பைரவி, சாவேரி, ஆரபி ஆகியன தப்பிவிட்டன. இராகப் பெயர் மட்டும் எழுதிய வரிகளைப் பின்னர் கண்ணால் பார்த்தே பிரிக்கவேண்டியிருந்தது.

இரண்டாவது தடை நுட்பமானது. பாமினியில் 'தோ' என்பது பார்வை வரிசையில், கொம்பு முன்னும் எழுத்து நடுவிலும் அரவு பின்னுமாகச் சேமிக்கப்படுகிறது. யூனிகோடில் முதலில் 'த', அதன்பின் ஒரே குறியாக 'ோ'. மாற்றும் நிரல் கவனமில்லாமல் எழுதப்பட்டிருந்தால் முதலில் 'தே' என்று ஆக்கிவிட்டு, மிஞ்சிய அரவை அப்படியே பக்கத்தில் விட்டுவிடும். திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோட் நியமப்படி இரண்டும் சமமானவையே. ஆனால் சமப்படுத்தாமல் தேடும் மென்பொருளில், விசைப்பலகையில் 'தோடி' என்று தட்டினால் இப்படி மாறிய தோடி அகப்படாது. இயல்பு வடிவுக்குச் சமப்படுத்தும் கட்டளை ஒன்றை முழுக் கோப்பின் மீதும் ஓட்டியதும் இது தீர்ந்தது.

தீராதது 'கௌளை'. பாமினியில் 'கௌ' எழுதுவதற்கு ஒகரத்துக்குரிய அதே கொம்பும், பின்னால் 'ள' எழுத்துக்குரிய அதே விசையும் பயன்படுகின்றன. ஆகவே ஔகாரத்தின் பின்னுறுப்பு எது, உண்மையான ளகரம் எது என்று மாற்றிக்குத் தெரியாது. பஞ்சரத்தினக் கீர்த்தனங்களில் இரண்டாவதாக வரும் அந்த இராகம் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் 'கெளளை' என்று வந்திருந்தது. இங்கே சமப்படுத்தலும் உதவாது, ஏனெனில் யூனிகோடில் ஔகாரத்தின் பின்னுறுப்பும் ளகரமும் வெவ்வேறு குறிகள். திரையில் வேறுபாடு தெரியாதபடியால் நான் அதைக் கடந்து போயிருக்கக்கூடும். பட்டியலை இராக அகரவரிசையில் அடுக்கியபோது கௌளை கேதாரத்துக்கு முன்னால் வந்து நின்றதை ஆசிரியைதான் சுட்டிக்காட்டினார்.

இவற்றுக்கெல்லாம் அப்பால் ஓர் இழப்பு இருந்தது. பழைய கோப்புகளில் ஐடி3 டேக்கின் முதற்பதிப்பு மட்டுமே இருந்தது. அது கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் அடங்குவது; தலைப்புக்கு 30 பைட், பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30 என்று அளந்து ஒதுக்கப்பட்டது. பாமினியில் புள்ளி, கொம்பு, அரவு ஒவ்வொன்றும் தனி இடத்தைப் பிடிப்பதால், ஆறு எழுத்துள்ள 'நாதஸ்வரம்' ஒன்பது பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. கோயிற் பெயரும் திருவிழாவும் இராகமும் சேர்த்து எழுதிய தலைப்புகள் நடுவிலேயே வெட்டுண்டு கிடந்தன. வெட்டுண்ட பகுதி எங்குமே சேமிக்கப்படாதது. ஒலியைக் கேட்டு ஆசிரியை சொன்னாலன்றி அதை நிரப்ப வழியில்லை. யூனிகோடில் இந்த நெருக்கடி இன்னும் கடுமை: யூடிஎஃப்-8 இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால் 30 பைட்டில் பத்துக் குறிகளே அடங்கும். எனவே புதிய விவரங்கள் கோப்பின் முன்பகுதியில் எழுதப்படும் ஐடி3 இரண்டாம் வகையில், 2.3 பதிப்பில், யூடிஎஃப்-16 குறியாக்கத்தில் எழுதப்பட்டன. யூடிஎஃப்-8 ஐ ஏற்கும் 2.4 பதிப்பு இருக்கையில் 2.3 ஐத் தெரிந்தமைக்குக் காரணம், மாணவர்களிடமுள்ள பழைய கார் பிளேயர்களும் மலிவான பென்ட்ரைவ் பிளேயர்களும் 2.3 ஐக் கூடுதலாக ஏற்றுக்கொள்வதே.

மீள நிறுவுதல்

புதிய பிளேயராகத் தெரிவானது ஃபூபார்2000. 2002 இல் முதல் வெளிவந்த இது பார்வைக்கு வறட்சியானது. ஆனால் நிறுவும்போதே இரண்டு வழிகளில் ஒன்றைத் தெரியச் சொல்கிறது. வழமையான நிறுவலில் மற்றவற்றைப்போல விண்டோஸின் இடங்களில் பரவும். 'போர்ட்டபிள்' என்ற மற்ற வழியில் நிரல், அமைப்புகள், பட்டியல்கள் அனைத்தும் ஒரே கோப்புறைக்குள் இருக்கும். அந்தக் கோப்புறையைப் பிரதி செய்தால் எல்லாமே பிரதியாகும், அழித்தால் எல்லாமே போகும். இரண்டாவது வழி தெரிவு செய்யப்பட்டு, அந்தக் கோப்புறை பாட்டுக் கோப்புறைக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டது. கோப்பை இருமுறை சொடுக்கினால் இந்த பிளேயர் தானாகத் திறக்காது என்பது இதற்குக் கொடுக்கும் விலை. ஆசிரியை எப்போதும் பட்டியலிலிருந்தே பாட்டுப் போடுபவர் என்பதால் அது குறையாகத் தெரியவில்லை.

இருமுறை சொடுக்குவதற்கென வீஎல்சி வைக்கப்பட்டது. விண்டோஸ் 8 இலிருந்து எந்த மென்பொருளும் தன்னைத்தானே இயல்பு பிளேயராக ஆக்கிக்கொள்ள முடியாது; பயனர் 'செட்டிங்ஸ்' சென்று தெரிவு செய்யவேண்டும். பழைய பிளேயரை நீக்கியபின் பாடற்கோப்புகளின் சின்னங்கள் வெறுமையாகி, எதனால் திறப்பது என்று விண்டோஸ் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருந்தது அங்கே ஒரு தெரிவோடு தீர்ந்தது. கோடெக் பொதி போனதைப் பற்றிக் கவலைப்பட எதுவுமில்லை. வீஎல்சியும் ஃபூபாரும் தமக்கு வேண்டிய கோடெக்குகளைத் தம்முள்ளேயே வைத்திருக்கின்றன.

எங்கிருந்து இறக்குவது என்பதிலும் கவனம் வேண்டும். 2011 இல் டவுன்லோட் டொட் கொம் என்ற பெயர்பெற்ற தளமே, பிறருடைய இலவச மென்பொருள்களுக்குத் தன் சொந்த நிறுவியைப் போர்த்தி, உலாவிக்கு வேண்டாத கருவிப்பட்டைகளையும் சேர்த்து நிறுவியது கண்டனத்துக்குள்ளானது. ரியல்பிளேயர் 11 தன்னோடு ரப்சொடி பிளேயர் இன்ஜின் என்ற வேறொரு மென்பொருளையும் சொல்லாமல் நிறுவுவதையும், ரியல்பிளேயரை நீக்கும்போது அது நீங்காமல் நிற்பதையும் தீங்கான மென்பொருள்களைக் கண்காணிக்கும் ஸ்டொப்பாட்வெயார் அமைப்பு 2008 ஜனவரியில் அறிக்கையிட்டது. ஆகவே உரிய மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, விரைவு நிறுவலை விடுத்து 'கஸ்டம்' வழியில் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து, வேண்டாதவற்றின் குறியை எடுத்துவிட்டு நிறுவப்பட்டது. ஒரு பிளேயர் பல துண்டுகளாக வருவது எப்போதும் மோசடி என்றும் சொல்வதற்கில்லை. ஐடியூன்ஸை விண்டோஸிலிருந்து நீக்குவோருக்கு அப்பிள் நிறுவனமே வரிசையொன்றைத் தந்திருக்கிறது: முதலில் ஐடியூன்ஸ், பின்னர் அப்பிள் சொஃப்ட்வெயார் அப்டேட், அப்பிள் மொபைல் டிவைஸ் சப்போர்ட், பொன்ஜூர், இறுதியில் அப்பிள் அப்ளிகேஷன் சப்போர்ட். துண்டுகளை வெளிப்படையாகச் சொல்லி, எடுக்கும் ஒழுங்கையும் சொல்லியிருப்பது நேர்மையான முறை.

பெறாமகன் கேட்ட கேள்வி

வேலை நடந்துகொண்டிருந்தபோது பெறாமகன் தொலைபேசியில், "அண்ணை, இவ்வளவு பாடுபடாமல் விண்டோஸைத் திருப்பிப் போட்டிருந்தால் சரிதானே?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துக் கணினிக் கடைகளில் பெரும்பாலான நோய்களுக்குக் கொடுக்கப்படும் மருந்து அதுவே என்பதால் கேள்வி நியாயமானது. சீ பிரிவை அழித்து மீளப் போட்டிருந்தால் வாசிப்பான் உடனே திரும்பியிருக்கும். ஃபில்டர் பதிவு ரெஜிஸ்ட்ரியோடு போயிருக்கும். அதனோடு சீ பிரிவிலிருந்த 'ஆப் டேட்டா' கோப்புறையும் பாடற்பட்டியல்களும் போயிருக்கும். பாமினிப் பெயர்கள் டீ பிரிவிலுள்ள கோப்புகளுக்குள்ளே இருப்பதால் முன்போலவே வாசிக்கமுடியாமல் இருந்திருக்கும். மூன்று குறைகளில் ஒன்று தீர, ஒன்று நிரந்தரமாக இழக்கப்பட, ஒன்று தொடப்படாமலே இருந்திருக்கும்.

தற்போதைய நிலை: வாசிப்பானும் பட்டியல்களும் வழமைபோல இயங்குகின்றன. பெரும்பாலான பெயர்கள் யூனிகோடில் உள்ளன. வெட்டுண்ட தலைப்புகள் 'முழுமையற்றவை' என்ற தனிப் பட்டியலில் இடப்பட்டிருக்கின்றன. வகுப்பில்லாத நேரங்களில் ஆசிரியை ஒவ்வொன்றாகக் கேட்டு, கோயிலையும் வித்துவானையும் அடையாளங்கண்டு, தாமே நிரப்பி வருகிறார். நிரப்பப்பட்டவை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுகின்றன. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதாலும், இந்தக் கணினி விண்டோஸ் 11 இற்குத் தகுதியற்றது என்பதாலும், புதிய கணினி வாங்கும்போது பாட்டுக் கோப்புறையையும் பக்கத்திலுள்ள ஃபூபார் கோப்புறையையும் அங்கேயும் டீ பிரிவில் அதே பெயர்களோடு வைக்கவேண்டும் என்று எழுதிக் கொடுக்கப்பட்டுள்ளது. பிரிவின் எழுத்து மாறினால் பட்டியல்களின் முகவரிகள் மறுபடியும் பிழையாகிவிடும்.